இறங்கியதை முன்னிட்டு

தாழைமடை,
4 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கலைச்செல்வி எழுதுவது. திருப்புல்லாணிப் பெருமாள் புண்ணியத்தில் நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே வெயில் இங்கே இருப்பதைவிட மோசமாமே.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. கடைசி மேட்ச் முடிந்த அன்றைக்கே நம்ம கால்பந்துக் கழகத்து வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியே போனாய். சரி, கோபம். என் நம்பரையும் எதற்கு பிளாக் செய்தாய்? நானா கோலை விட்டேன்? என்னோடு தையல் படித்த கீழக்கரை ஃபஸீலாவின் வீட்டுக்காரர் உன் கம்பெனி கேம்ப்பில்தானே சமையல் பார்க்கிறார். தோஹாவுக்குப் போகிற ஆள் கீழக்கரையில் வாரம் ஒருவராவது இருக்கிறார். காகிதத்தை பிளாக் செய்ய இன்னும் வழி வரவில்லை.

பாம்பன்காரர்களிடம் தோற்றோம், மாவட்ட லீக்கில் ஏ டிவிஷனிலிருந்து பி டிவிஷனுக்கு இறங்கினோம். அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. ராமநாதபுரம் நகைக்கடைக்காரர் மறுநாளே ஆள் அனுப்பி, ஜெர்சியில் இனி அவர் கடைப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பி டிவிஷன் மேட்ச்சை ஆடுதான் பார்க்குமாம், ஆடு நகை வாங்காதாம். வளைகுடாவில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் மாதாமாதம் அனுப்பிய சந்தா நின்றுவிட்டது. மேட்ச் அன்றைக்கு டீக்கடை போட ஏலம் எடுக்கிறவர் இந்த வருடம் வேண்டாம் என்கிறார். கழகத்துக்குக் கணக்குப் பார்க்கிறவள் என்று என்னை உட்கார வைத்தீர்கள். பார்க்க இப்போது கணக்கே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். திடல் நம் இருவர் பேரிலும் இருக்கிறது. கழகம் வருடம் தருகிற அறுபதாயிரம் குத்தகையில் பாதி உனக்கு. இந்த வருடம் கொடுக்க முடியாது. என் பாதியை விட்டுவிட்டேன். உன் பாதிக்குத் தை வரை பொறுத்துக்கொள் அண்ணே. இதைத்தான் கேட்க வந்தேன்.

மதினியும் பாப்பாவும் டவுனில் நன்றாக இருக்கிறார்கள். போனை எடு.

உன் தங்கை,
கலைச்செல்வி

•

தோஹா,
31 மே 2025

அன்புத் தங்கை கலைச்செல்விக்கு,

அண்ணன் பாண்டித்துரை எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கு நலம். கம்பெனியில் எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. மாப்பிள்ளைக்கு சர்க்கரை எப்படி இருக்கிறது?

உன் கடிதம் படித்தேன். நான் கோபத்தில் எழுதவில்லை, யோசித்து எழுதுகிறேன். கழகத்தை மூடிவிடலாம். எங்கள் ஊர் டீம் ஏ டிவிஷன் என்று இருபது வருடமாக இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ரூமில் இப்போது மலையாளத்துப் பையன்கள் என்னைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். இறங்கின பிறகு எவன் காசு போடுவான்? காசில்லாமல் எவன் ஆடுவான்?

இறால் பண்ணைக் கம்பெனி ஒன்று திடலைக் கேட்கிறது. கழகம் தருவதைப்போல மூன்று மடங்கு தருகிறார்கள். தீபாவளிக்குள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கும் பெண் இருக்கிறாள், நல்லதற்குத்தான் சொல்கிறேன்.

இனி கடிதத்தைக் கம்பெனிக்கு அனுப்பாதே, அங்கே தபால் தொலைந்துபோகிறது. கீழே இருக்கும் ரூம் முகவரிக்கு அனுப்பு.

அன்புடன்,
பாண்டித்துரை

•

தாழைமடை,
15 ஜூன் 2025

அண்ணே,

எல்லோரும் சுகம். வீட்டுக்காரருக்கு சர்க்கரை குறைந்திருக்கிறது, என் ரத்தக்கொதிப்பு உன் கடிதத்தைப் படித்ததும் ஏறியிருக்கிறது.

இறால் பண்ணையா? அந்த உப்புத் தண்ணீர் இறங்கினால் பக்கத்துப் பத்து வீட்டுக் கிணறும் போகும். அய்யா அந்த இடத்தில் எதுவும் விளையாது என்று தெரிந்துதான் பிள்ளைகள் ஆடட்டும் என்று விட்டார். மூன்று மடங்கு பணம் எனக்கும் கசக்காது. ஆனால் திடலில் குழி வெட்டுவதற்கு என் கையெழுத்து கிடைக்காது. மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாலும் கிடைக்காது.

மண்டபம் அகதி முகாமிலிருந்து நமக்கு ஆட வருகிற ஜீவிதன் போன வாரம் என் தையல் கடைக்கு வந்தான். பெயின்ட் வேலை முடித்து அப்படியே வந்திருந்தான், முடியெல்லாம் நீலம். நின்று நின்று பார்த்துவிட்டு, "அக்கா, அங்கால ஏ டிவிஷன் டீம் ஒண்டு மேட்ச்சுக்கு ரெண்டாயிரம் தாறம் எண்டு கேக்கினம். நான் போகட்டோ?" என்றான். நமக்குத் தடுத்து நிறுத்தும்படி இடுப்பில் என்ன முடிந்திருக்கிறது? "போ தம்பி, நல்லா ஆடு. நம்ம கோல் போஸ்ட்டுக்கு எதிர்த்தாப்புல வந்தா மட்டும் கொஞ்சம் பாத்து உதை" என்றேன். அவன் போன பிறகு தையல் மெஷினில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நகைக்கடைப் பெயரை ஜெர்சிகளிலிருந்து நானே பிரித்து எடுத்தேன்.

மதினி டவுன் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கனயே வந்துவிட்டாள். பாப்பாவை நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாள். டவுனில் தண்ணீர் சரியில்லையாம். நான் எதுவும் கேட்கவில்லை.

ஃபஸீலா வீட்டு ஆள் மூலம் கருப்பட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன்.

கலைச்செல்வி

•

தோஹா,
6 ஜூலை 2025

தங்கைக்கு,

நலம். கருப்பட்டி வந்தது. இடுப்பில் கொஞ்சம் வலி, பெல்ட் போட்டிருக்கிறேன், மற்றபடி ஒன்றுமில்லை.

நீ பிடிவாதம் பிடிக்கிறாய் என்று தெரியும். அதனால் சொல்லிவிடுகிறேன். இறால் கம்பெனியிடம் ஒன்றரை லட்சம் முன்பணம் வாங்கிவிட்டேன். ஒரு அவசரம். என்ன அவசரம் என்று கேட்காதே. தீபாவளிக்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். என்னிடம் திருப்பிக் கொடுக்க இல்லை.

இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

பாண்டித்துரை

•

தாழைமடை,
24 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு அனைவரும் சுகம். ஃபோர்மேன் வேலை பார்க்கிறவனுக்கு இடுப்பு வலி எப்படி வந்தது என்று வீட்டுக்காரர் கேட்டார். நாற்காலி சரியில்லை போல என்று சொல்லி வைத்தேன். தைலம் அனுப்பியிருக்கிறேன், இரண்டு வேளை தேய்.

ஒன்றரை லட்சம் செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பேசினால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. உன்மேல் அவ்வளவு ஆத்திரம். இப்போது தெளிந்துவிட்டேன். ஏன் என்று கேள்.

ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் திருப்புல்லாணியில் ஒரு காதுகுத்து. அந்த வீட்டுப் பையன் நமக்கு ஆடியவன், அதனால் கழகத்து மொய் ஐநூற்றொன்றை எழுத நான் போனேன். மொய் எழுதுகிறவர் மைக்கில், "தாழைமடை ஐக்கிய கால்பந்துக் கழகம், ஐநூத்தி ஒண்ணேய்" என்று கத்தினார். பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆள் என்னைப் பார்த்து, "ஏத்தா, ஒங்க கழகமும் வருசக்கணக்கா ஊரு ஊரா மொய் எழுதுது. அதுக்கு எப்பத்தான் கல்யாணம்? நாங்க எப்பத் திருப்பிச் செய்யிறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது அண்ணே.

யோசித்துப் பார். நமக்கு ஆடியவன் வீட்டிலும் நம்மோடு மோதியவன் வீட்டிலும் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதையும் கழகம் விட்டதில்லை. ஒரு வீடாக இருந்தால் இதற்குள் நாலு தடவை திருப்பி வாங்கியிருக்கும். கழகத்துக்குப் பிள்ளையும் இல்லை, காதும் இல்லை, அதனால் ஒரு பைசா திரும்பி வரவில்லை. பிள்ளை இல்லாதவர்கள் வசந்த விழா என்று பேர் வைத்து மொய் வாங்குவதில்லையா? கழகத்துக்கும் ஒரு விசேஷம் வைக்கப் போகிறேன். ஆவணியில், திடலிலேயே, கிடா வெட்டி.

என்ன விசேஷம் என்று பையன்கள் கேட்டார்கள். வெள்ளி விழா என்று போடலாமா, ஆண்டு விழா என்று போடலாமா என்று இழுத்தார்கள். எதற்குப் பொய்? நடந்தது எதுவோ அதைத்தான் போடப் போகிறோம்.

நீ அங்கிருந்து திட்டுவாய். திட்டு.

கலைச்செல்வி

•

தோஹா,
14 ஆகஸ்ட் 2025

கலைச்செல்விக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் பத்திரிகையை யாரோ போனில் அனுப்பி, ரூம் முழுக்க வாசித்துவிட்டார்கள். "எங்கள் கழகம் ஏ டிவிஷனிலிருந்து பி டிவிஷனுக்கு இறங்கியதை முன்னிட்டு நடைபெறும் மொய் விருந்து." உனக்கு மூளை பிசகிவிட்டதா? தோற்றதற்குப் பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிட்ட ஒரே ஊர் நம்ம ஊர்தான். கீழே நில உரிமையாளர் என்று என் பேரையும் போட்டிருக்கிறாய்.

இறங்கினவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நாலு பேருக்குத் தெரியாத வரைக்கும்தான் மரியாதை. தெரிந்துவிட்டால் நாய்கூட மதிக்காது. இது உனக்குப் புரியாது. நீ இறங்கிப் பார்த்ததில்லை.

இந்தக் கூத்தை நிறுத்து.

பாண்டித்துரை

•

தாழைமடை,
3 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம், எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. கூத்து நடந்து முடிந்தது. நிறுத்தவில்லை.

பத்திரிகையைப் பார்த்துக் கோபப்பட்டாயே, நீ பார்த்தது முதல் கட்டு. இரண்டாவது கட்டில் அச்சகத்துக்காரர் எங்கள்மேல் இரக்கப்பட்டு, யாரோ தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, 'ஏ டிவிஷனுக்கு உயர்ந்ததை முன்னிட்டு' என்று திருத்தி அடித்துவிட்டார். ஒரு கட்டு முழுக்க. பையன்கள் அப்படியே கொடுத்துவிடலாம் அக்கா, நல்லாத்தானே இருக்கு என்றார்கள். உட்காருங்கள் என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் 'உயர்ந்ததை' என்பதைச் சிவப்பு மையால் அடித்து 'இறங்கியதை' என்று கையால் எழுத வைத்தேன். அந்தத் திருத்தின பத்திரிகைதான் ஊரில் பேச்சு. கிடைக்காதவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

பந்தி ஆரம்பித்ததும் மேலத்தெரு அய்யப்பன் மாமா மொய் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நிறைய நிலம் வைத்திருப்பவர், அவர் எழுதினால்தான் அந்தத் தெருவே எழுதும். "கழகத்துக்கு ஏதுத்தா பொண்ணு மாப்பிள்ளை? யாரு பேருல எழுதுறது? ஆளில்லாத வீட்டுக்கு மொய்யா?" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார். நானும் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னேன். "ஒங்க பேத்தி காதுகுத்துல நாங்க ஆயிரத்தொண்ணு எழுதுனப்ப, யாரு பேருலன்னு கேட்டீகளா மாமா? வாங்கி வச்சுக்கிட்டீகள்ல?" மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மூவாயிரம்னு எழுதுடா" என்றார்.

அடுத்து யார் வந்தது தெரியுமா? பாம்பன்காரர்கள். லோடு ஆட்டோவில் மீன் பெட்டியோடு வந்தார்கள். நம்ம பையன்களுக்கு முகம் கறுத்துவிட்டது. அவர்கள் கேப்டன் நேரே மேசைக்கு வந்து, "தோக்கடிச்சது நாங்கதான். அதுக்காக மொய் செய்முறை இல்லேன்னு ஆயிருமா?" என்றான். அவன் கல்யாணத்துக்கு நாம் செய்ததை இரட்டிப்பாக எழுதினான். ஜீவிதன் முகாமிலிருந்து நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் நீட்டின காசை நான் வேண்டாம் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சுலக்சனான்ர கலியாணத்துக்குக் கழகம் செய்ததுதானே அக்கா. எங்களுக்கும் இஞ்ச ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கோணும். வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ" என்றான். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினதைத் திருப்பிச் செய்ய வந்தவனை இப்படி நிற்க வைத்தேனே என்று வெட்கமாகப் போய்விட்டது. மைக்கில் அவன் பேரை நானே வாசித்தேன்.

பந்திச் செலவு போக நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. திங்கட்கிழமை நானும் வீட்டுக்காரரும் இறால் கம்பெனி ஆபீசுக்குப் போய் ஒன்றரை லட்சத்தையும் கட்டி ரசீது வாங்கிவிட்டோம். நகல் இதோடு இருக்கிறது. மூன்று வருடக் குத்தகையை முன்கூட்டியே கொடுப்பதாகக் கழகம் தீர்மானம் போட்டிருக்கிறது. முன்பணத்தைக் கழகம் கட்டினதற்கு என் பாதியை அவர்களிடமே விட்டுவிட்டேன். உன் பாதியை மதினி கையில் கொடுத்தேன். அது நீ நிலம் விட்டதற்கான காசு, வேறு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. வந்தவர்கள் பழைய மொய்யை மட்டும் திருப்பவில்லை, எல்லோரும் அதற்கு மேலே புது மொய்யும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அதையெல்லாம் கழகம் அவரவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கைப்பிள்ளை இருக்கிறது. அது வளர்ந்து கல்யாணம் ஆகிற வரைக்கும் கழகத்தை மூட வழியில்லை.

குத்தகைப் பத்திரம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

கலைச்செல்வி

•

தாழைமடை,
2 அக்டோபர் 2025

அண்ணே,

சுகமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. ரசீதைப் பார்த்தாயா, பத்திரத்தைப் பார்த்தாயா, ஒன்றும் தெரியவில்லை.

மதினி நேற்று ராத்திரி சாப்பாட்டை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இனி சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. உனக்கு வேலை போய்விட்டது என்று ஜூன் மாதமே ஃபஸீலா சொல்லிவிட்டாள். ஏப்ரலோடு ஃபோர்மேன் வேலை போனதும், அதற்குப் பிறகு நீ மார்க்கெட்டில் மூட்டை தூக்குவதும் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, அதனால் கேட்கவில்லை. உன் மரியாதையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நாற்காலி சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று நாங்களும் உன்னோடு சேர்ந்து பொய் சொன்னோம். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

நீ அங்கே தனியாகக் கிடந்து இடுப்பை ஒடித்துக்கொள்வதற்கு யாரும் உனக்குச் செய்முறை எழுதப் போவதில்லை. வந்துவிடு.

கலைச்செல்வி

•

தோஹா,
19 அக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறேன்.

நீ எழுதியது எல்லாம் சரி. முன்பணம் வாங்கியது பாப்பா பள்ளிக்கூட பாக்கிக்கும் இங்கே ரூம் வாடகைக்கும் போய்விட்டது. எட்டுப் பேர் ரூம். நான் ஃபோர்மேனாக இருந்தபோது எனக்குக் கீழே வேலை பார்த்த பையன் ஒருவன் இப்போது மார்க்கெட்டில் எனக்கு மேஸ்திரி. அவனுக்கு முகம் கொடுக்க முடியாமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போவேன். அவனும் தெரியாத மாதிரியே இருப்பான், நல்ல பையன். கழகம் இறங்கினபோது உங்கள் எல்லோர்மேலும் எனக்கு ஏன் அத்தனை ஆத்திரம் வந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது.

உன் பத்திரிகையை ரூமில் வாசித்தார்கள் என்று எழுதினேன் அல்லவா. மீதியை எழுதவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருவன், "பாண்டியண்ணே, நம்மளக்கூட இப்படிச் சோறு போட்டுக் கூப்புட ஊர்ல ஆளு இருக்குமா?" என்றான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில்தான் அப்படி எழுதினேன்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மூன்று வருடம் என்று நீ எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கழகம் ஆடுகிற வரைக்கும் என்று எழுதியிருக்கிறேன். செல்லுமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்.

ஊருக்கு வருகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது. நவம்பர் எட்டாம் தேதி சாயங்காலம் மதுரையில் இறங்குகிறேன். கையில் ஒரு பைதான் இருக்கும், யாருக்கும் எதுவும் வாங்கவில்லை. ஏர்போர்ட்டில் கொஞ்சம் இருந்துவிட்டு, ஊர் அடங்கின பிறகு வந்து சேருகிற மாதிரி கார் பிடித்து வருகிறேன். பின்வாசல் வழியாக வந்துவிடுகிறேன், கதவைத் திறந்து வை. உன் மதினி மகேஸ்வரியிடம் மட்டும் சொல். வேறு யாரிடமும் சொல்லாதே.

அண்ணன்,
பாண்டித்துரை

•

தாழைமடை,
1 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாளைக்கு தோஹாவுக்குப் போகிற கீழக்கரை ஆள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், கிளம்பும் முன் உனக்குக் கிடைத்துவிடும். இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்திருக்கிறது, திடலில் பாதி தண்ணீர். அதிலேயே ஆடுகிறார்கள்.

பத்திரம் வந்தது. நீ அடித்து எழுதினதைப் பார்த்து வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார், இப்படியெல்லாம் எழுதக் கூடாதாம். சரியாக எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். மதினி உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாள், பிறகு எழுந்து போய் வீட்டை ஒட்டடை அடித்தாள்.

பி டிவிஷனில் முதல் மேட்ச் ஆடினோம். ஆளுக்கு ஒரு கோல், சமம். நகைக்கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, ஆடுகளும் பார்த்தன. கூடவே ஊர் பாதி வந்து நின்றது. மொய் எழுதினவர்கள் ஆயிற்றே, அவர்கள் காசு எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டாமா? அய்யப்பன் மாமா குடையைப் பிடித்துக்கொண்டு ரெஃப்ரியைத் திட்டின திட்டு எழுதக் கூடியது இல்லை. பையன்களுக்குக் கோச் இல்லை. சம்பளம் தர முடியாது, டீயும் வடையும் உண்டு. உன்னைத்தான் கேட்கிறார்கள்.

பின்வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொன்னாய். வைக்க மாட்டேன். உள்ளே தாழ் போட்டு, பூட்டும் போட்டுவிடுகிறேன். கார் பிடித்து வருகிற காசு உன்னிடம் இருந்தால் அதைப் பாப்பாவுக்கு வை. ராத்திரி மதுரையில் மாரியம்மன் தெப்பக்குளத்துச் சின்னம்மா வீட்டில் படு. காலையில் பஸ் பிடித்து ராமநாதபுரம் வந்து, அங்கிருந்து நம்ம ஊர் டவுன் பஸ் ஏறு. அது பத்து மணிக்கு இங்கே வரும். அந்த நேரத்துக்கு டீக்கடையில் மேலத்தெருவும் இருக்கும், கீழத்தெருவும் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை என்பதால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். என்ன பாண்டி, ஒரு பையோட வாரே, லீவா என்று கேட்பார்கள். லீவு என்று சொல்லாதே, உள்ளதைச் சொல்லு. நாங்களும் அங்கேதான் நிற்போம்.

பகலில் வா அண்ணே. ஸ்டாப்பில் எல்லோரும் பார்க்க இறங்கு.

உன் தங்கை,
கலைச்செல்வி